சிவப்பு எழுத்தில் வந்த மரபணு ரிப்போர்ட்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

கடிதம் எழுதியவருக்கு வயது 34. ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்த குழந்தைக்கு இப்போது திட்டமிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹாஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்பு அணுக்களே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) என்று கண்டுபிடிக்கப்பட்டு, தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை எடுத்துவந்தார். அம்மாவுக்கும் தைராய்டு உண்டு.

ஏழு மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 5.2, டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம்) 640, வைட்டமின் டி 14 நானோகிராம். களைப்பும் முடி உதிர்வும் தீராததால் இணையம் வழியாக ஒரு மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார். "வைட்டமின் டி ஏற்பி மரபணுவில் மூன்று இடங்களில் பிறழ்வு" என்று சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த உணவு ஆலோசகர், "உங்கள் ஏற்பி வேலை செய்யாது. ரத்தத்தில் வைட்டமின் டி 100-க்கு மேல் இருந்தால்தான் உங்களுக்கு உறைக்கும். அப்படிச் செய்தால் ஹாஷிமோட்டோவே போய்விடும்" என்றாராம். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி, தினமும் கால்சியம் மாத்திரை, முடிக்காக 10,000 மைக்ரோகிராம் பயோட்டின்.

ஐந்து மாதம் கழித்து டி.எஸ்.எச். 0.3, ஆன்டிபாடி 410, வைட்டமின் டி 88. "மருந்து வேலை செய்துவிட்டது" என்று தைராக்ஸினைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இரண்டு மாதம் ஆகிறது. தைராய்டு மருத்துவரிடம் சொல்லவில்லை. திட்டுவாரோ என்று பயம். கேள்விகள் மூன்று: தைராக்ஸினை முழுவதும் நிறுத்தலாமா? மகளுக்கும் இந்த மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? "இந்த நோயை என் மகளுக்கு நானே கொடுத்துவிட்டேனா?"

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் தாகம் அதிகம், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன், மலச்சிக்கலும் இருக்கிறது, உடம்பு சுத்தமாகிறது என்று ஆலோசகர் சொன்னார்." உடம்பு சுத்தமாவதற்கு இப்படி ஓர் அடையாளம் மருத்துவத்தில் கிடையாது. ஏழு மாதமாக அதிக அளவு வைட்டமின் டியும் கால்சியமும் சேர்த்து எடுக்கும் ஒருவர் இந்த மூன்றையும் சொன்னால், நான் முதலில் சந்தேகிப்பது ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்பதைத்தான். நீங்கள் அனுப்பிய அத்தனை ரிப்போர்ட்டிலும் கால்சியம் அளவு மட்டும் எங்கேயும் இல்லை.

பயமுறுத்தவில்லை. 88 என்ற அளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நச்சுத்தன்மை பொதுவாக 150-ஐத் தாண்டிய பிறகே வரும். ஆனால் சிலருக்கு அதற்கு முன்பே கால்சியம் ஏறும். வைட்டமின் டியைச் சிதைத்து வெளியேற்றும் என்ஸைமுக்கான மரபணு, சி.ஒய்.பி.24ஏ1 என்று பெயர், அது சரியாக வேலை செய்யாதவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களில் சிலருக்குச் சிறுநீரகக் கல் வந்த பிறகுதான் விஷயமே தெரியவரும். அதிக டோஸ் எடுக்கும் முன் ஒரு மரபணுவைப் பற்றி யாராவது கவலைப்பட வேண்டுமென்றால் அது இதுதான். உங்கள் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

வைட்டமின் டியையும் கால்சியம் மாத்திரையையும் இன்றே நிறுத்திவிடுங்கள். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். உடலில் சேமிப்பு இருக்கிறது. நிறுத்தியதும் மறுநாளே குறையாது, வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே நிறுத்துவதால் எந்த இழப்பும் இல்லை.

ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை மூன்றையும் தள்ளிப்போடாமல் பாருங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சர்க்கரை நோயாலும் வரும் என்பதால் அதையும் சேர்க்கிறேன். வாந்தி, குழப்பம், மிகுந்த சோர்வு என்று எதுவும் தொடங்கினால் ஆய்வகத்துக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பயோட்டினையும் நிறுத்துங்கள். இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கதையின் திருப்பமே அங்கேதான் இருக்கிறது.

தைராய்டு பரிசோதனை செய்யும் கருவிகளில் பலவும் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையை வைத்தே இயங்குகின்றன. கருவி பயன்படுத்தும் பசை அது. உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால், கருவிக்கான பசையின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. விளைவு என்ன? டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்; டி-4 என்ற தைராய்டு ஹார்மோன் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆன்டிபாடி எண்ணையும் சில கருவிகளில் இது திசைதிருப்பும். உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, காகிதத்தில் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாளியாகிவிடலாம். ஒரு நாளுக்கு உடலுக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது 10,000.

டி.எஸ்.எச். 0.3 என்று வந்தபோது உங்களுக்குப் படபடப்பு இருந்ததா? கை நடுங்கியதா? எடை இறங்கியதா? எதுவும் இல்லை என்றுதான் கடிதம் சொல்கிறது. தோல் வறட்சியும் களைப்பும் அப்படியே இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். எண் ஒன்று சொல்ல உடம்பு வேறொன்று சொன்னால், நான் உடம்பின் பக்கம்தான் நிற்பேன். அந்த 0.3 பொய்யான எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த எண்ணை நம்பித்தான் தைராக்ஸின் பாதியானது.

பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இவ்வளவு அதிக டோஸ் என்பதால் நான் ஒரு வாரம் கேட்பேன். கால்சியம் பரிசோதனை அதுவரை காத்திருக்க வேண்டாம், அதைத் தனியாக முதலில் செய்துவிடலாம்.

தைராக்ஸினை முழுவதும் நிறுத்தலாமா என்ற முதல் கேள்விக்கு என் பதில்: கூடாது. பழைய அளவுக்கே திரும்புவது பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே, தொலைபேசியிலாவது, பேசிவிடுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும். களைப்பு, முடி உதிர்வு என்று சொன்னபோது "டி.எஸ்.எச். கிட்டத்தட்ட நார்மல், போய் வாருங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவைக்கும் பழக்கம் எங்கள் பக்கமும் இருக்கிறது. நோயாளிகள் இணையத்தில் வேறு ஆலோசகரைத் தேடிப் போவதில் எங்களுக்கும் பங்குண்டு.

இன்னொரு சின்ன விஷயம். கால்சியத்தையும் தைராக்ஸினையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கால்சியம், இரும்புச்சத்து இரண்டும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பாதியாகக் குறைத்த மாத்திரையிலும் முழுதாக உள்ளே போகவில்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது உங்கள் உடம்புக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது?

இனி மரபணு. வைட்டமின் டி நம் செல்களுக்குள் வேலை செய்ய ஓர் ஏற்பி வேண்டும். அதற்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, வி.டி.ஆர். என்று அழைக்கிறோம். எலும்பு, குடல் மட்டுமல்லாமல் நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களிலும் இந்த ஏற்பி உண்டு. அந்த அணுக்களின் ஆவேசத்தை வைட்டமின் டி சற்றுத் தணிக்கிறது என்பது ஆய்வகத்தில் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஹாஷிமோட்டோ என்பது சொந்த வெள்ளையணுக்களே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். எனவே இந்த இரண்டுக்கும் தொடர்பிருக்குமா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடியது நியாயமான தேடல்தான். உங்கள் ஆலோசகர் எல்லாவற்றையும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

ரிப்போர்ட்டில் வந்திருக்கும் ஃபாக்-1, பி.எஸ்.எம்.-1, டாக்-1 என்ற பெயர்கள் ஏதோ நோயின் பெயர்போல மிரட்டுகின்றன. அவை டி.என்.ஏ.வை வெட்டப் பயன்படும் என்ஸைம்களின் பெயர்கள். அந்த என்ஸைம்கள் எந்தப் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்டனவோ அவற்றின் பெயர்ச் சுருக்கங்கள். டாக் என்பது வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியா. அந்த என்ஸைம் உங்கள் டி.என்.ஏ.வை அந்த இடத்தில் வெட்டுமா, வெட்டாதா என்று பார்ப்பதுதான் பழைய பரிசோதனை முறை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அடுத்து, 'பிறழ்வு' என்ற சொல். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கு மேல் காணப்படும் மரபணு வேறுபாட்டை நாங்கள் பாலிமார்ஃபிசம் என்போம். கண்ணின் நிறம்போல, ரத்த வகைபோல, இயல்பான வேறுபாடு. உங்களிடம் இருக்கும் ஃபாக்-1 வகையின் ஒரு பிரதியாவது பல மக்கள்தொகைகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. பாதி ஊருக்கும் பொருந்துவதைச் சிவப்பு மையில் அச்சிடுவது வியாபார உத்தி.

மூன்றிலும் ஏற்பியின் வடிவத்தையே மாற்றுவது ஃபாக்-1 மட்டும்தான். ஒரு வகையில் ஏற்பிப் புரதம் 424 அமினோ அமிலங்கள் நீளம், மற்ற வகையில் 427. நீளமானது ஆய்வகத்தில் சற்று மந்தமாக வேலை செய்கிறது. மற்ற இரண்டும் புரதத்தின் வடிவத்தைத் தொடுவதே இல்லை.

ஏற்பி உண்மையிலேயே வேலை செய்யாத நோய் ஒன்று இருக்கிறது, மிக அரிதாக. அந்தக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் வரும்; பலருக்குத் தலைமுடியே இருக்காது. 34 வயதுவரை நல்ல எலும்புகளோடு நடமாடும் உங்களுக்கு ஏற்பி வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் கால்களே சாட்சி. "100-க்கு மேல் இருந்தால்தான் உறைக்கும்" என்ற கணக்குக்கும் ஆதாரம் இல்லை. இந்த வேறுபாடுகளை வைத்து டோஸ் நிர்ணயிக்கச் சொல்லும் மருத்துவ வழிகாட்டுதல் எதுவும் கிடையாது.

ஹாஷிமோட்டோவுக்கும் இந்த வேறுபாடுகளுக்கும் தொடர்பு உண்டா? ஆசியாவில் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் ஃபாக்-1 தொடர்பு தெரிந்தது. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் அது தெரியவில்லை. தெரிந்த இடத்திலும் அபாயம் லேசாகத்தான் கூடுகிறது. சில நூறு பேரை ஒப்பிட்டுச் செய்யும் இத்தகைய ஆய்வுகள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்; உங்கள் ஒருவருக்கு நோய் ஏன் வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது. தைராய்டு தன்னெதிர்ப்பு நோய்களில் இதைவிடத் தெளிவாகப் பங்கு காட்டப்பட்டவை எச்.எல்.ஏ., சி.டி.எல்.ஏ.-4, பி.டி.பி.என்.-22 போன்ற மரபணுக்கள். அவற்றையும் சிகிச்சைக்காக யாரும் பரிசோதிப்பதில்லை.

வைட்டமின் டி: எதற்கு, எவ்வளவு?

14 என்று வந்தபோது வைட்டமின் டி கொடுத்தது சரி. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 20-க்குக் கீழே இருந்தால் எலும்புக்காகவே சரிசெய்ய வேண்டும், தைராய்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாராந்தர அதிக டோஸ் என்பது சுமார் எட்டு வாரத்துக்கானது. அதன் பிறகு தினசரிச் சிறு அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பெரியவர்களுக்குத் தினத் தேவை 600 யூனிட், 70 வயதுக்கு மேல் 800. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் வாராந்தர டோஸைப் பிரித்தால் நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் வருகிறது. எட்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஏழு மாதம் ஓடிவிட்டது, தவறு அங்கேதான்.

ரத்தத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-இல் 20 போதும் என்றது. அதே ஆண்டு அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024-இல் அதே சங்கம் அந்த எல்லைக்கோட்டையே கைவிட்டுவிட்டது. சண்டை 20-க்கும் 30-க்கும் நடுவில்தான். 100 வேண்டும் என்று இந்த இரு தரப்பில் எவரும் சொல்லவில்லை.

ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆனால் எது முட்டை, எது கோழி? களைப்பால் வெயிலில் நடமாடுவது குறைகிறது. எடை கூடினால் கொழுப்பில் கரையும் வைட்டமின் ரத்தத்தில் குறைவாகத் தெரியும். உடலில் அழற்சி இருந்தாலே இந்த அளவு இறங்கும். குறைபாடு நோயின் காரணமாக இல்லாமல் நிழலாகவும் இருக்கலாம்.

உங்களுக்குச் சாதகமான சான்றையும் மறைக்கவில்லை. 2022-இல் வெளியான வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர் பங்கேற்றார்கள். தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குச் சுமார் ஐந்து ஆண்டுகளில் தன்னெதிர்ப்பு நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன. தலைப்புச் செய்தியாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மூட்டுவாதம் முதல் சொரியாசிஸ் வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிய கணக்கு. வைட்டமின் எடுத்த பாதிப் பேரில் 123 பேருக்கு நோய் வந்தது, வெற்று மாத்திரை எடுத்த மறுபாதியில் 155 பேருக்கு. பங்கேற்றவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். நோய் வராமல் தடுப்பது பற்றிய கணக்கு அது. வந்த நோயைத் துரத்துவது பற்றியது அல்ல. தைராய்டு தன்னெதிர்ப்பின் இன்னொரு வடிவமான கிரேவ்ஸ் நோயில், டென்மார்க்கில் தினமும் 2,800 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பி வருவது அதனால் குறையவில்லை.

ஆன்டிபாடி 640-லிருந்து 410-க்கு இறங்கியதில் மகிழ்ந்திருக்கிறீர்கள். வைட்டமின் டி கொடுத்தபோது ஆன்டிபாடி ஓரளவு இறங்கியதாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மை. தைராக்ஸின் சிகிச்சையிலேயே அது ஆண்டுகள் போகப் போக மெல்ல இறங்கும் என்பதும் உண்மை. போதாக்குறைக்குப் பயோட்டின் வேறு நடுவில் இருக்கிறது. எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது? நான் எதிலும் சேர்க்க மாட்டேன். ஆன்டிபாடி, நோயின் பெயரைச் சொல்லும் சாட்சி; சிகிச்சையின் அளவுகோல் அல்ல. நோய் உறுதியான பிறகு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆன்டிபாடி இறங்கினாலும் சிதைந்துபோன சுரப்பித் திசு முளைத்து வராது, அதனால்தான் தைராக்ஸின் வேண்டியிருக்கிறது.

அடுத்த குழந்தையும் மகளும்

டி.எஸ்.எச். சரியாகி, மருத்துவர் சொல்லும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு முதல் மூன்று மாதம் தனக்கென்று சுரப்பதில்லை; தாயின் தைராக்ஸினை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. பாதி மாத்திரையோடு அந்தக் கட்டத்துக்குள் போகக் கூடாது. கருத்தரிக்கும் முன் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது. கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரை அழையுங்கள். பொதுவாக மாத்திரை அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். உண்மையைச் சொல்லும். இந்தக் கணக்கில் உங்கள் திட்டம் சில மாதங்கள்தான் தள்ளிப்போகும்.

"மகளுக்கு நானே கொடுத்துவிட்டேனா" என்ற கேள்வியை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் ஓடும் நோய்தான் இது, மறுக்கவில்லை. ஆனால் டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து 2000-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒருவருக்கு இந்த வகைத் தைராய்டு குறைபாடு இருந்தால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் மற்றவருக்கும் வந்தது 55 சதவீத ஜோடிகளில்தான். மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் கிட்டத்தட்ட பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள். உங்கள் மகளிடம் இருப்பது உங்கள் மரபணுவில் பாதி மட்டுமே. அதிலும் உங்கள் அம்மா உங்களுக்கு 'கொடுத்தது' என்று நீங்கள் அவர்மேல் குற்றம் சுமத்துவதில்லையே.

அவளுக்கு மரபணுப் பரிசோதனை வேண்டாம். முடிவு என்னவாக வந்தாலும் அவளுக்காகச் செய்யப்போகும் எதுவும் மாறாது. ஒன்பது வயதில் ஒரு சிவப்பு ரிப்போர்ட் மட்டும் கூடவே வளரும். உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். உயரம் கூடுவது தடைபட்டால், கழுத்தின் முன்பக்கம் வீங்கினால், காரணமில்லாமல் சோர்ந்துபோனாலோ மலச்சிக்கல் தொடர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி டி.எஸ்.எச். பாருங்கள். இப்போது நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நன்றாக ஓடியாடும் குழந்தை. அவள் கையில் இன்று ஊசி குத்த எந்தக் காரணமும் இல்லை. குத்த வேண்டியது உங்கள் கையில், கால்சியத்துக்காக.